மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த ஞாபகம்

உங்கள் விசாரணை அலுவலகத்து லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு விரற்கடை கீழே நிற்கிறது ஐயா. ஏறும்போது தெரியாது. இறங்கும்போது வயதானவர்கள் கால் தட்டி விழுவார்கள். பிரேக்கில் ஏதோ தேய்ந்திருக்கிறது, அரை மணி நேர வேலைதான். நான் உள்ளே வந்ததும் வாய் தவறி இதைச் சொல்ல, உங்கள் தட்டச்சர் அதையும் அடித்துவிட்டார். இருக்கட்டும். என் வாக்குமூலத்தில் யாரும் மறுக்க முடியாத வாக்கியம் ஒன்றாவது இருந்தால் நல்லதுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் சிப்பாயாக இருந்தேன். வருகிற திங்கட்கிழமை மூன்று கொலைகளுக்காக ஒருவனுக்குத் தண்டனை சொல்லப் போகிறார்கள். அவன் என் தங்கையின் கணவன். என்னோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன், இப்போது என்னோடு லிஃப்ட் வேலை பார்ப்பவன். அந்தக் கொலைகளை அவன் செய்யவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, அவன்தான் செய்தான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவனும் நான்தான். அந்தக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் நிஜம்.

அவனை முகாமில் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவோம். நின்றுகொண்டே தூங்குவான். ஒருமுறை அணிவகுப்பில் எல்லோரும் வலப்பக்கம் திரும்பிய பிறகும் இவன் மட்டும் நேராக நடந்து போய், நிறுத்தியிருந்த கேப்டனின் ஜீப்பில் முட்டிக்கொண்டான். முட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தான். யாருக்கும் அவன்மேல் கோபம் வராது. அவனுக்குத் துணி மடிக்க வராது. சாமான் பரிசோதனைக்கு உடுப்பை உள்ளங்கை அகலத்துக்கு நாலாக மடித்து, ஓரம் வெளியே தெரியாமல் வைக்க வேண்டும். அவன் மடித்தால் அது மூட்டை. அதனால் அவனுடையதையும் நான்தான் மடித்துக் கொடுப்பேன்.

எனக்கு வைத்திருந்த பெயர் தைரியம். சிரிக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரம் குளியலறையில் பாம்பு புகுந்துவிட்டது. நான் ஒரு கம்போடு போய் அதை வெளியே விரட்டினேன் என்பது கதை. உண்மையில் அது தானாகவே போய்க்கொண்டிருந்தது, நான் பத்தடி பின்னால் போனேன், அவ்வளவுதான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. "தைரியத்தைக் கூப்பிடுடா" என்பார்கள். இருட்டான வீடா, பூட்டின கதவா, தைரியம்தான் முதலில் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் திரும்பி ஓடிவிடத் தோன்றும். ஆனாலும் போவேன். பெயரை விட மனசு வராது.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியான நேரம், எங்கள் இருவரையும் ஒரு சந்துக்கு அனுப்பினார்கள். வீடுகளில் ஆள் யாரும் மிச்சமிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தின் பாதியில் ஒரு பீரங்கி ஷெல் விழுந்தது. ஒரு மதில் சரிந்து தூங்குமூஞ்சியின்மேல் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஆட்கள் வந்தபோது அவன் காதில் ரத்தத்தோடு நினைவில்லாமல் கிடந்தான். எதிர்வீட்டில் மூன்று பேர் செத்துக் கிடந்தார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. தூங்குமூஞ்சியின் துப்பாக்கியில் தோட்டா இல்லை. என்னுடையதில் முழுசாக இருந்தது.

நான் கேப்டனிடம் சொன்னது இது. மதில் விழுந்ததும் அவன் எழுந்தான், கண் எங்கேயோ இருந்தது, கூப்பிட்டால் காதில் விழவில்லை, அந்த வீட்டுக்குள் போனான், சுட்டான், வெளியே வந்து விழுந்தான். என் கால் கல்லில் மாட்டியிருந்தது, எட்டிப் பிடிக்க முடியவில்லை. கேப்டன் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு "பாவம், பையன் மூளை கலங்கிட்டான்" என்றார். அறிக்கையில், இருதரப்புச் சண்டையின் நடுவில் சிக்கி மூவர் இறந்தனர் என்று எழுதிக்கொண்டார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இவன் கண்ணைத் திறந்து கெடுத்தான்.

"என்ன மச்சான் ஆச்சு? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

"ஒண்ணும் ஆகல. தூங்கு."

"என் துப்பாக்கியில ஏன் குண்டு இல்ல? கேப்டன் ஏன் என்னை அப்படிப் பாக்கறார்? நீ சொல்லு மச்சான், நீ பொய் சொல்ல மாட்டே."

கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது, அது நடிப்பில்லை. அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிடாதே மச்சான்" என்று கெஞ்சினான். உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. பெயர் மட்டும் தூங்குமூஞ்சி. படையை விட்டு வந்து நான் லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டு அவனையும் சேர்த்துக்கொண்டேன். எண்ணெய் போடுவான், கம்பி பார்ப்பான், கதவைச் சரி செய்வான், கை சுத்தம். ஆனால் யார் வீட்டு வாசற்படியையும் தாண்ட மாட்டான். யாராவது பெண்பிள்ளை இரக்கப்பட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தால் மாடிப்படியில் இறங்கி ஓடிவிடுவான். நான்தான் வாங்கிக் குடிப்பேன். அவனுடையதையும் சேர்த்து.

சும்மா இருக்கும்போது அன்றைக்கு நடந்ததைக் கேட்பான். நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். சுவர் என்ன நிறம், யார் எங்கே இருந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவனே சொல்ல ஆரம்பித்தான். சிவப்புப் போர்வை இருந்தது என்றான். ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது, சத்தம் கேட்டு அது ஓடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மச்சான் என்றான். நான் பூனை எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்து, ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே பூனை இருந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் தங்கை கல்யாணம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என் தலையில். நாலு இடம் பார்த்தேன். ஒருவன் குடிகாரன், ஒருவன் வாய்ச்சவடால், ஒருவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, இன்னொருவன் பேச்சோடு பேச்சாகத் தன் தம்பியை அறைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். கை நீட்டுகிறவனுக்கு என் தங்கையைக் கொடுக்க முடியுமா? எங்கே தேடினாலும் தூங்குமூஞ்சியைவிட நல்லவன் கிடைக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். அவன் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தான்.

"நான் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுமா மச்சான் கேக்கறே?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

முகாமில் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் விஷயத்தில் அது உண்மையாகிவிட்டது. அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். தங்கையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான், குழந்தை வேண்டாம் என்றுவிட்டான். என் மாதிரி ஆளுக்கு எதுக்கு என்றானாம். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நாலைந்து முறை என்னிடம் வந்து அழுதாள், "நீ சொன்னா கேப்பார்ண்ணா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று. சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவன், போகப் போகச் சரியாகிவிடும் என்று தேற்றி அனுப்பினேன். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

போன வருஷக் கடைசியில் பழைய சாவுகளையெல்லாம் மறுபடி விசாரிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. நான் அந்தப் பக்கத்தை மடித்து மோட்டார் அறையில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவன் டப்பாவை எடுத்தபோது படித்துவிட்டான். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. உங்களிடம் வந்திருந்தான். எல்லாவற்றையும் சொல்லி, அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றும் சொல்லி, "என் மச்சான் தங்கமான மனுஷன், என்னைக் காப்பாத்தத்தான் வாயத் திறக்கல, அவரை ஒண்ணும் செஞ்சிடாதீங்க" என்று வேறு எழுதிக் கொடுத்திருந்தான். அதன் பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். தங்கமான மனுஷன் வந்து கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் டாக்டர் என்னையும் பரிசோதித்தார். கெட்ட கனவு வருமா என்று கேட்டார். வராது. பெரிய சத்தம் கேட்டால் பதறுமா? மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவேன். பசி? நன்றாக எடுக்கும். இவனுக்கு நாலு பக்கம் எழுதியவர் எனக்கு ஒன்றரை வரி எழுதினார், பாதிப்பு எதுவுமில்லை என்று. எனக்குக் கொஞ்சம் கேவலமாக இருந்தது. அதே சந்து, அதே ஷெல். ஒரு கனவாவது வந்திருக்கக் கூடாதா?

விசாரணை நாளன்று அந்தக் கடிகாரக்காரரின் மகள் வந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பியவள், அப்போது பதினாலு வயது. இப்போது கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்றாள். டாக்டர் எழுந்து, அடிபட்ட மனம் இல்லாததையும் சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். அவள் தலையாட்டினாள். பிறகு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாவோட பழுப்புப் பேன்ட் நாற்காலி மேல மடிச்சு வெச்சிருந்தது. சின்னதா, நாலா. அந்த மாதிரி மடிக்கிற பழக்கம் எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது. நீங்க எதுக்கு அதை மடிச்சீங்க?" அவன் ஞாபகமில்லைம்மா என்று அழுதான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவள் எழுந்து அவன் கூண்டுக்குப் பக்கத்தில் போனாள். "நீங்க அப்ப உங்க நினைவுலயே இல்ல. இருந்தும் இருபது வருஷமா உங்களை நீங்களே வதைச்சுக்கிட்டீங்க. நான் மன்னிச்சிட்டேன். போய் நல்லாத் தூங்குங்க" என்றாள். அன்றைக்கு அவனைச் சிறைக்குத் திரும்ப ஏற்றிப் போன வேனிலேயே தூங்கிவிட்டானாம். காவலர்கள் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்ததாம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"மூணு பேரைக் கொன்னவர்னு தெரிஞ்சும் என்னை அவருக்குக் கட்டிக் குடுத்தியாண்ணா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அவன் நினைவில் இல்லை, வியாதி, அது இது என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தட்டைத் தள்ளினான்னு ஒருத்தனை வேணாம்னவன் நீ. தம்பியை அறைஞ்சான்னு இன்னொருத்தனை வாசலோட அனுப்பினே. நீயா எனக்குக் கொலைகாரனைப் பாப்பே? மாட்டே. உன்னை எனக்குத் தெரியும்." இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "அப்ப அவர் செய்யல. செய்யலன்னு உனக்கு நிச்சயமாத் தெரியும். எப்படிண்ணா தெரியும்?"

நான் செருப்பைத் தேடினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே போ என்றாள், சத்தம் போடாமல்.

பார்த்தீர்களா ஐயா, இருபது வருஷம் மூச்சுக் காட்டாமல் இருந்தவன் எதில் மாட்டினேன் என்று. நல்ல அண்ணனாக இருந்ததில் மாட்டினேன். ஒரு அயோக்கியனுக்கு அவளைக் கொடுத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

சரி, இனி நடந்ததைச் சொல்கிறேன். ஷெல் விழுந்ததும் நான் தூங்குமூஞ்சியைத் தூக்கவில்லை. ஓடினேன். திறந்திருந்த முதல் கதவுக்குள் ஓடினேன். மூலையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பேன்ட் முழுக்க நனைந்திருந்தது. ஊருக்கெல்லாம் தைரியம், உட்கார்ந்த இடத்தில் குட்டை. அந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி என் மடியில் இருந்தது, ஆனாலும் அவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கொட்டிவிட, இன்னொரு தரம் கொண்டுவந்தார். பிறகு கணவரின் பழுப்புப் பேன்ட்டை எடுத்துக் கொடுத்து, என்னுடையதைக் கழற்றச் சொல்லி வாளியில் அலசப் போட்டார். தம்பிக்காரருக்குக் காலில் மாவுக்கட்டு, கட்டிலை விட்டு எழ முடியாது. நான் மாற்றிக்கொள்ளட்டும் என்று அவர் சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தார்.

பேன்ட் எனக்குச் சரியாகவே இருந்தது. நான் நன்றி சொன்னேன். இதை அடித்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு உதவும். நடுக்கம் நின்றுவிட்டது, மூச்சு சீராகிவிட்டது, நன்றி சொல்லும் அளவுக்குப் புத்தி தெளிந்திருந்தது. ஷெல் விழுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பயத்தில் சுட்டேன் என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், எனக்கும்தான். பயம் போன பிறகுதான் சுட்டேன்.

கடிகாரக்காரர் என் தோளைத் தட்டி, "பரவாயில்ல தம்பி, யாருக்கும் வர்றதுதான். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்ல மாட்டோம் என்றால், சொல்ல ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? முகாம் பக்கத்திலேயே இருந்தது. கடிகாரத்தைக் கொடுக்க எங்கள் ஆட்கள் அவரிடம் போகக்கூடியவர்கள். என்றைக்காவது ஒருநாள், கெட்ட எண்ணமே இல்லாமல், அந்தத் தம்பி நல்லா இருக்கானா என்று அவர் கேட்டுவிட்டால் என் கதி? முதலில் அவரை. பிறகு அந்த அம்மாவை, அவர் வாளிப் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கட்டிலில் இருந்தவர் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

என் பேன்ட்டைப் பிழிந்து ஈரத்தோடு மாட்டிக்கொண்டேன். பழுப்புப் பேன்ட்டை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தேன். பிறத்தியார் பொருளை நான் என்றைக்கும் எடுத்ததில்லை. வெளியே வந்தபோது அவன் இன்னும் கிடந்தான். மூச்சு இருந்தது. என் காலியான தோட்டாக் கூட்டைக் கழற்றி அவன் துப்பாக்கியில் மாட்டி, அவனுடைய நிறைந்த கூட்டை என்னுடையதில் மாட்டினேன். பேன்ட் ஏன் ஈரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாக்கடையில் விழுந்தேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

நேற்று சிறையில் போய் அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் தெளிந்து, கன்னம் கொஞ்சம் உப்பி, பழைய தூங்குமூஞ்சியாக உட்கார்ந்திருந்தான். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைத் தட்டிக் கொடுத்தான்.

"எனக்காகப் பழியை ஏத்துக்கப் பாக்கறே. வேணாம் மச்சான். உனக்கு என்ன தெரியும், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பூனை வரைக்கும் ஞாபகம் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பொண்ணு என்னை மன்னிச்சிடுச்சு. இப்ப போய் எதையாவது சொல்லிக் கெடுத்துடாதே."

அவன் என்னை நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள் என்று பயந்துதான் அந்தப் பேன்ட்டை இவ்வளவு விவரமாகச் சொன்னேன். நான் எப்படி மடிப்பேன் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு துணி கொடுங்கள், மடித்துக் காட்டுகிறேன். அவனிடமும் ஒன்று கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமைக்குள் அவனை வெளியே விட்டுவிடுங்கள். என் தங்கையின் வீட்டுக்காரர் குற்றமற்றவர், அதைச் சொல்லத்தான் வந்தேன், மனசாட்சிப்படி வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று, இதை அடிக்க வேண்டாம். அந்தக் கண்ணாடிக் கடைப் பெண் சொன்னது ஆள் மாறிப் போய்விட்டது ஐயா. நாலு வாக்கியம்தான், நான் எண்ணி வைத்திருக்கிறேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, அவனுக்கு அது எதற்கு? அவளை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். எதிரில் ஒரு நாற்காலி போடுங்கள், நான் உட்காருகிறேன், அதையே திருப்பிச் சொன்னால் போதும். மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அவள் அப்பாவுக்கு ரொம்ப நல்ல மனசு, பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் சொல்கிறேன்.